ஆறடிக் கோல் வைத்து நட்ட காடு

சிவப்பு மையால் அடிக்கப்பட்ட அந்த ஒரு வரியை இன்றும் என்னால் பார்க்காமலே சொல்ல முடியும். ‘மனிதக் கை படாத கடலோரக் காடு ஒன்றை உலக அறிவியலுக்கு முதன்முதலில் அடையாளம் காட்டியவர்.’ மலாய் மொழியில் எழுதிய வரி. எழுதியவள் நான். தட்டச்சு செய்து, உறையில் போட்டு, ஒப்புதலுக்காக அனுப்பிய பாராட்டுரை ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. மற்ற வரிகளுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சரி அடையாளம் போட்டிருந்தது. இந்த வரியின் மேல் மட்டும் ஒரு நேர்கோடு. தாளின் கீழே இருந்த என் பெயரைப் பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும், ஓரத்தில் தமிழில் இரண்டே வாக்கியம்: ‘இது உண்மை இல்லை. ஒரு முறை வீட்டுக்கு வாருங்கள்.’

நான் வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் பிரிவில். படித்துப் போனவர்களில் அறிவியலிலும் கலைத் துறைகளிலும் பெயர் பெற்றவர்களை ஆண்டுதோறும் அழைத்து மேடையேற்றிச் சிறப்பிப்பது எங்கள் வழக்கம். அவர்கள் மேடையில் நிற்கும்போது வாசிக்கப்படும் பாராட்டுரையை எழுதுவது என் பொறுப்பு. ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. துறையிலிருந்து வரும் குறிப்பு, பழைய செய்தித்தாள் துணுக்கு, அவர்களே அனுப்பும் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து ஒரு பக்கமாக்குவேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதிப் பழகிவிட்ட கை. ‘முதன்முதலில்’, ‘முன்னோடி’, ‘அரும்பணி’ ஆகிய சொற்கள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒப்புதலுக்கு அனுப்பினால் எல்லோரும் எதையாவது சேர்க்கத்தான் சொல்வார்கள். விட்டுப்போன பதக்கம் ஒன்று, பேசப்போன மாநாடு ஒன்று. தன்னைப் புகழும் வரியை ஒருவர் அடித்து அனுப்பியதை நான் அதுவரை பார்த்ததில்லை. கோபம் வரவில்லை. யார் இவர், ஏன் இப்படிச் செய்தார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்றுதான் தோன்றியது. அந்தச் சனிக்கிழமையே பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டிலிருந்து ரயிலேறிக் காஜாங்கில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

அந்த வரியை அடித்து அனுப்பிய பேராசிரியைக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குட்டையாக வெட்டிய நரைமுடி, ஆண்கள் போடுவது போன்ற சட்டை, இரண்டு கைகளிலும் வெயில் விட்டுப்போன கருமை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: “கோவமா வந்தீங்களா, தெரிஞ்சுக்கலாம்னு வந்தீங்களா?”

“தெரிஞ்சுக்கலாம்னுதான், டாக்டர்.”

“அப்ப ஒக்காருங்க. டீ போடறேன். கொஞ்சம் நீளமான கத லா.”

கதை கிள்ளானுக்குப் பக்கத்தில் உள்ள கேரித் தீவில் தொடங்குகிறது. பேராசிரியை பிறந்தது அந்தத் தீவின் தோட்டமொன்றில். பள்ளிக்குப் போகும் வயதில் குடும்பம் கிள்ளானுக்கு மாறிவிட்டதால் தீவைப் பற்றிய நினைவு என்று அவருக்கு ஒன்றுமில்லை. படித்து, தாவரவியலில் பட்டம் வாங்கி, கடலோரச் சேற்றில் வளரும் பாக்காவ் எனும் அலையாத்தி மரங்களை ஆராயத் தேர்ந்தெடுத்தபோது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. தோட்டத்துக்குள் கடல் புகாமல் தடுக்கத் தீவைச் சுற்றி உயர்ந்த மண்கரை உண்டு. தோட்டத்து மக்கள் அதைப் பண்டு என்பார்கள். பண்டுக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்தபடி ஒரு நீண்ட காடு. அடர்த்தியான, வெட்டுத் தழும்பு ஒன்றுகூட இல்லாத மரங்கள். மூன்று ஆண்டுகள் தினமும் முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொரு மரத்தையும் அளந்தார். அது ஆதியிலிருந்தே மனிதர் தொடாத காடு என்று கட்டுரை எழுதினார். கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. அதன் பிறகு இந்தக் கடற்கரையில் வேறு எந்தக் காடு அழிந்திருக்கிறது, எது பிழைத்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் எல்லோரும் அவருடைய காட்டை வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். அவருக்குப் பேராசிரியர் பதவி வந்தது. தமிழ் நாளிதழ் ஒன்று படத்தோடு செய்தி போட்டது.

அந்தச் செய்தியைக் கிள்ளானில் ஒரு பள்ளி ஆசிரியர் படித்தார். இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லித்தந்துகொண்டே எங்கள் பல்கலைக்கழகத்தின் கலைப் பிரிவில் பகுதி நேரமாக முதுகலை ஆய்வு செய்தவர். தோட்டத்துப் பெண்கள் வேலை செய்யும்போது பாடிய பாட்டுகள்தான் அவருடைய ஆய்வு. வார இறுதிகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு அடுக்குமாடி வீடுகளின் படியேறி, தோட்டத்தை விட்டு வந்த வயதான பெண்களைப் பாட வைத்துப் பதிவு செய்வார். செய்தியில் வந்த இடமும் அவரிடம் இருந்த ஒரு பாட்டின் இடமும் ஒன்றாக இருந்தன. முன்னறிவிப்பு இல்லாமல் பேராசிரியையின் ஆய்வுக்கூட வாசலில் போய் நின்றார்.

“டாக்டர், ஒரு பாட்டுல ஒங்க காடு வருது” என்றாராம். “அத பொம்பளைங்க நட்டதா பாடறாங்க.”

“சார், பாட்டுல நெலாகூடத்தான் எறங்கி வந்து புள்ளைக்குச் சோறு ஊட்டுது” என்று பேராசிரியை பதில் சொல்லி, கதவைப் பாதி சாத்திவிட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. ஆசிரியர் சண்டை போடவில்லை. பாட்டை எழுதி வைத்திருந்த தாளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, “நேரம் இருந்தா பாருங்க” என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

தாள் மூன்று நாள் அங்கேயே கிடந்தது. நான்காம் நாள் அதைக் குப்பையில் போடுவதற்காக எடுத்தபோதுதான் படித்தாராம். அந்த வரிகளை எனக்கும் சொல்லிக் காட்டினார்.

‘முருங்கக்கா போலக் காயி
மூட்ட கட்டித் தூக்கி வந்தோம்
ஆறடிக்குக் கோலு வச்சி
அலைக்கு முன்னே ஊனி வந்தோம்.’

பாக்காவ் மரத்தின் நாற்று மரத்திலேயே முளைத்துக் கிளையில் நீளமாகத் தொங்கும். முருங்கைக்காயைப் போலத்தான் இருக்கும். பார்க்காதவர்கள் அப்படிப் பாட முடியாது. ஆனால் அவரை உட்கார வைத்தது அந்தக் காய் இல்லை, கோல். அலமாரியிலிருந்து தன் பழைய களக் குறிப்பேடுகளை இறக்கினார். மரத்துக்கும் மரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை இருபது ஆண்டுகளுக்கு முன் தானே அளந்து எழுதிய பக்கங்கள். மீட்டரில் இருந்தவற்றை அடியாக மாற்றிப் பார்த்தார். ஆறு. ஆறு. நடுவே ஒரு மரம் செத்துப்போன இடத்தில் பன்னிரண்டு. மறுபடியும் ஆறு. முதல் குறிப்பேட்டின் ஓரத்திலேயே ‘இடைவெளி ஆச்சரியமாக ஒரே சீராக இருக்கிறது’ என்று அவருடைய சொந்தக் கையெழுத்தில் இருந்தது. வேர்களின் போட்டியால் மரங்கள் தாமாகவே அப்படி விலகி நின்றிருக்கும் என்று அதற்கு அவரே அன்றைக்குக் காரணமும் எழுதி வைத்திருந்தார்.

“கண்ணு பாத்துச்சு, மண்ட ஒத்துக்கல” என்றார் என்னிடம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அவருடைய அம்மா சமையலறையில் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேராசிரியை பையைக்கூட இறக்காமல் கேட்டார்: “அம்மா, பண்டுக்கு அந்தப் பக்கம் மரம் நட்டீங்களா?”

அம்மா நிமிரவில்லை. “ஆமா. பண்டு ஒடஞ்ச வருஷம். உப்புத்தண்ணி லயத்து வீட்டு வாசல் வரைக்கும் வந்துச்சு. தொர சொன்னாருன்னு பொம்பளைங்க எல்லாம் போய் ஊனினோம். நீ அப்ப கைப்புள்ள. ஆயாக் கொட்டாயில மத்த புள்ளைங்களோட போட்டுட்டுப் போவேன்.”

“நான் மூணு வருஷம் அந்த மரத்தத்தான அளந்தேன். ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?”

“அளக்கறேன்னு சொன்ன. யாரு நட்டதுன்னு நீ கேக்கலியே.”

இதைச் சொல்லிவிட்டுப் பேராசிரியை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “ஆதிகாலத்துக் காடுன்னு எழுதினேன். பாத்தா அந்த மரத்துக்கும் எனக்கும் ஒரே வயசு” என்றார்.

பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கதவு இடைவெளியில் ஒரு வயதான பெண்மணியின் கால்கள் மட்டும் தெரிந்தன, முக்காலியின் மேல் நீட்டியபடி. அந்தச் சேற்றில் நின்று மரம் ஊன்றியவை அந்தக் கால்கள்தான் என்று எனக்குத் தோன்றியது. எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. கூச்சம் தடுத்தது.

பிறகு நடந்ததையும் அவரே சொன்னார். தன் கட்டுரை தவறு என்று அதே இதழுக்கு அவரே எழுதினார். அந்தக் காட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஆய்வு செய்த பலருக்கும் அது இடி. இரண்டு நண்பர்கள் அதன் பிறகு அவரோடு பேசவில்லை. பத்தாண்டுக்கும் மேல் அவரை எந்தக் குழுவிலும் யாரும் சேர்க்கவில்லை. அவரோ மறுபடியும் அதே சேற்றில் இறங்கினார். இந்த முறை கேள்வி வேறு. நட்டுவைத்த ஒரு காடு, இயற்கையான காட்டோடு குழம்பும் அளவுக்கு முழுமையாக வளர முடிந்தது எப்படி? எந்த நண்டு முதலில் வந்தது, எந்தப் பறவை பிறகு வந்தது, மண் எப்போது மாறியது? கடலரிப்பால் கரை இழந்துகொண்டிருக்கும் ஊர்களில் இன்று மரம் நடுகிறவர்கள் புரட்டிப் பார்ப்பது அந்த இரண்டாவது ஆய்வைத்தான். எங்கள் தேர்வுக் குழு அவரைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். ஆனால் துறை எனக்கு அனுப்பிய குறிப்பு யாரோ எப்போதோ எழுதிய பழைய தாள். நான் அதை அப்படியே எடுத்து ‘முதன்முதலில்’ சேர்த்திருந்தேன்.

“நான் தப்பா எழுதினேன்னு சொல்லுங்க. அந்த சார் காட்டினாருன்னு சொல்லுங்க. நட்டது யாருன்னு சொல்லுங்க. மூணும் இருந்தா வரேன். இல்லாட்டி விருத தபால்ல அனுப்பிடுங்க” என்றார் பேராசிரியை.

திரும்பும் ரயிலில் நான் எழுதிய பாராட்டுரைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எத்தனை ‘முதன்முதலில்’! அவற்றில் எத்தனையை நான் யாரிடமாவது கேட்டு எழுதினேன்? ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை புதிய பாராட்டுரையைத் துணைப் பதிவாளரிடம் கொடுத்தேன். அவர் மலாய்ப் பெண்மணி. நாங்கள் புவான் என்று அழைப்போம். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. படித்துவிட்டு ‘பிழை’ என்ற சொல்லின் கீழ் விரலை வைத்தார். “இது எதற்கு? மேடையில் அத்தனை பேர் முன்னால் ஒரு மூத்த அறிஞர் தலைகுனிந்து நிற்க வேண்டுமா? நான் அவரை அழைப்பது மரியாதை செய்ய.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ‘தன் முடிவைத் திருத்தி அமைத்தார்’ என்று மாற்றினேன். பேராசிரியை அடித்து அனுப்பினார். ‘மறு ஆய்வுக்கு உட்படுத்தினார்’ என்று மாற்றினேன். அதையும் அடித்தார். நிகழ்ச்சிக்கு ஆறு நாள் இருக்கையில் அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. புவானின் மேசையிலிருந்தே பேராசிரியையை அழைத்து, தொலைபேசியைப் புவான் கையில் கொடுத்துவிட்டேன். 

பேராசிரியை மலாயில் நிதானமாகப் பேசினார். ஒலி வெளியே கேட்டது. “புவான், நீங்கள் என்னைக் காப்பாற்ற நினைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்தப் பிழையை வெட்டினால் அதோடு சேர்ந்து அந்தப் பெண்களும் போய்விடுவார்கள். நான் தவறாகச் சொன்னேன் என்று சொல்லாமல், அவர்கள் நட்டார்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்தப் பெண்களில் ஒருவர் என் அம்மா.”

புவான் தாளை எடுத்து மறுபடியும் பார்த்தார். பிறகு கேட்டார்: “அம்மா உயிரோடு இருக்கிறார்களா?”

“பக்கத்து அறையில் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.”

தொலைபேசியை வைத்துவிட்டுப் புவான் என்னைப் பார்த்தார். “முதல் வரிசையில் இரண்டு இருக்கை கூடுதலாகப் போடு. ஒன்று அம்மாவுக்கு. ஒன்று அந்தப் பாட்டு ஆசிரியருக்கு. நீ முதலில் எழுதியதையே அச்சுக்கு அனுப்பு” என்றார். முதலில் எழுதியது என்று அவர் சொன்னது பிழை என்ற சொல் இருந்த தாளை. தாளை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன்.

விழாவன்று அம்மா பச்சைக்கரை போட்ட வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். எண்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு, கூர்மையான கண்கள். குளிர்சாதனம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர் தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டுவிட்டார். பட்டியலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். கலைத் துறை, மருத்துவம், பொறியியல். பிறகு பேராசிரியை. பாராட்டுரையை அறிவிப்பாளர் மலாயில் வாசித்தார். அவருடைய முதல் கட்டுரை பிழையானது என்ற வரி வந்தபோது மண்டபத்தில் இருமல்கூட நின்றுவிட்டது. பேராசிரியை தலைகுனியவில்லை. யாரோ ஒரு நல்ல செய்தியை வாசிப்பது போலக் கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்த வரி கிள்ளானைச் சேர்ந்த பள்ளி ஆசிரியரைப் பற்றியது. அதற்கடுத்த வரி, கடலுக்கும் கரைக்கும் நடுவே அந்தக் காட்டை நட்டு வளர்த்த தோட்டத்துப் பெண்களைப் பற்றியது.

அம்மாவுக்குக் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய் நன்றாகவே தெரியும். அவர் ஆசிரியர் பக்கம் திரும்பி, காது கொஞ்சம் மந்தமானவர்கள் பேசும் அந்த உரத்த குரலில் கேட்டார்: “நம்மளயா சொல்றாங்க?”

“ஆமாம்மா. ஒங்களத்தான்.”

“எதுக்கு? கூலிக்குத்தான நட்டோம்.”

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு எங்கேயோ பின்வரிசையில் தொடங்கிய கைதட்டல் மண்டபம் முழுக்கப் பரவியது. புவான் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். ஆசிரியர் மட்டும் கைதட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எங்கள் மேடையில் இடம் கிடைக்க இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. முனைவர் பட்டம் இல்லாதவர் என்று குழுவில் ஒருவர் மறுத்துக்கொண்டே இருந்தார். அவரை ஒவ்வோர் ஆண்டும் முன்மொழிந்தவர் பேராசிரியைதான். மூன்றாவது கடிதத்தோடு பாட்டின் நகலையும் இணைத்து அனுப்பினார். அந்தப் பாராட்டுரையையும் நானே எழுதினேன். எழுதுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய் அரைநாள் உட்கார்ந்து கேட்டேன்.

இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். பட்டியல் வந்ததும் முதலில் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் தவறாக நினைத்திருந்தது எது, அதை உங்களுக்குக் காட்டியது யார் என்று கேட்கிறேன். சிலர் வைத்துவிடுகிறார்கள். சிலர் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். ஒரு இயற்பியல் அறிஞர் தன் ஓட்டுநரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆசிரியர் தன் காரில் எங்களைக் கேரித் தீவுக்கு அழைத்துப் போனார். என்னையும் ஏன் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. நான் கேட்காமலே ஏறிக்கொண்டேன். தோட்ட நிர்வாகம் அனுமதி தந்திருந்தது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே மண் சாலையில் போய், பண்டின் அடியில் கார் நின்றது. தீவை விட்டுப் போன பிறகு அம்மா அந்தப் பக்கம் வந்ததே இல்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, பண்டின் மேலே ஏறினார். ஏறியதும் மூச்சு வாங்கியபடி நேராகப் பார்த்துவிட்டு, “கடல் எங்க?” என்றார்.

“அதுக்கு அந்தப் பக்கம் இருக்கும்மா. மரம் மறைக்குது.”

“நாங்க ஊனும்போது கடல்தான் தெரிஞ்சுச்சு. கப்பல் போறது தெரியும். இது முழங்கால் ஒயரம்கூட இல்ல.” கழுத்தை வளைத்து உச்சியைப் பார்த்தார். மேலே குரங்கு ஒன்று கிளை தாவியது. கீழே சேற்றில் மீன்கள் துடுப்பை ஊன்றி ஊர்ந்துகொண்டிருந்தன. அம்மா ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார்: “இதுல நான் ஊனினது எது?”

அந்தக் காட்டின் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அறிந்தவர் பேராசிரியை.  “தெரியலம்மா” என்றார்.

“இவ்ளோ படிச்சும் தெரியலியா?” என்று அம்மா சிரித்துவிட்டார். பிறகு பண்டின் விளிம்பில் நின்று, வலது கையை நீட்டி, காற்றில் ஒரு வரிசையைத் தொட்டுக் காட்டுவது போல அசைத்தார். “வரிசையாத்தான் நிப்போம். எனக்கு வலப்பக்கம் ஆறாம் நம்பர் வீட்டு அக்கா. அவங்களுக்கு அந்தப் பக்கம் மூக்குத்திப் பெரியம்மா. அதுக்கடுத்தது ஊமச்சி, பாவம், பண்டு ஒடஞ்சப்ப புள்ளயப் பறிகொடுத்தவ. எங்களவிட வேகமா ஊனுவா.”

ஆசிரியர் அவசரமாக ஒலிப்பதிவுக் கருவியைத் தேடினார். காரிலேயே விட்டிருந்தார். பேராசிரியை என்னிடம் தாள் கேட்டார். என் கைப்பையில் இருந்தது விழா நிகழ்ச்சிநிரல் ஒன்றுதான். அதன் பின்பக்கத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, பண்டின் மண்ணில் உட்கார்ந்து, ஆறாம் நம்பர் வீட்டு அக்கா, மூக்குத்திப் பெரியம்மா, ஊமச்சி என்று ஒருவருக்குக் கீழ் ஒருவராக எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தலையை உயர்த்தினார்.

“அடுத்தது யாரும்மா?” என்று கேட்டார்.